கையெழுத்தின் மேல் ஒரு கிளாம்ப்

பரண் கதவைச் சரிசெய்ய வந்த தச்சர், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் தன் இரும்புக் கிளாம்பை எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். கையில் எடுத்தேன். எண்ணெயும் மரத்தூளும் கலந்த அந்த வாசனையில், நம்புங்கள், என் தாடை சிலிர்த்தது. மூக்கு இருக்கத் தாடை எதற்கு என்கிறீர்களா? சொல்கிறேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. சாயங்காலமானால் மேற்குத் தாம்பரத்தில் ரஃபி அண்ணாவின் ஒலிபெருக்கிக் கடை. அவருடைய மெல்லிசைக் குழுவில் நான் பேஸ் கிடார், பாட்டுக்கு அடிநாதம் கொடுக்கும் வாத்தியம். கல்யாண வரவேற்புகளில் பாடகர்களுக்குக் கைதட்டல், கீபோர்டுக்காரருக்குப் பொன்னாடை. பேஸ் வாசிப்பவரை, மேடைப் பலகையைக் கவனிக்கும் அளவுக்குத்தான் கவனிப்பார்கள். என் அம்மாவே, "நீ வாசிச்சியா, சும்மா பிடிச்சுகிட்டு நின்னியா?" என்று கேட்டிருக்கிறாள்.

ஒருநாள் ரஃபி அண்ணாவின் மச்சான் துபாயிலிருந்து புது பேஸ் கிடார் கொண்டுவந்தார். அதன் தலைப்பகுதியில் ஒரு வெளிநாட்டு மேதையின் கையெழுத்து, பொன்னிறத்தில். குழுவே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டலூரில் பெரிய இடத்து வரவேற்பு. கையெழுத்தைப் பற்றி மைக்கில் பேச அண்ணா வசனமே தயார் செய்துவிட்டார்.

"நீ ஒருவாட்டி பாத்து சொல்லும்மா. சரியா கீதுன்னா பழசக் குடுத்துடலாம்."

பழையது என்பது நான் வாசித்து வந்தது.

ஜி.எஸ்.டி. சாலைப் பேருந்து இரைச்சலில் கடைக்குள் எதுவும் கேட்காது. அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம். கிடாரின் மரத்தில் தாடையை அழுத்திக்கொண்டு கம்பியை மீட்டுவோம். ஒலி எலும்பு வழியாக வந்துவிடும். அப்படியே ஒவ்வொரு சுரமாகப் போனேன். அருமையான மரம். மெல்லிய கம்பியில் நடுவே ஓரிடத்தில் மட்டும் ஒலி பிறந்த வேகத்தில் அடங்கியது.

"அண்ணா, இந்த எடத்துல சத்தம் உடனே செத்துடுது."

"இன்னாம்மா பேசற? எவ்ளோ பெரிய ஆளு கையெழுத்து போட்டுகீறாரு!"

"போட்டாரு சரி. இந்த மரத்த வாசிச்சுப் பாத்தாரா?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மச்சான் முகம் சுருங்கியது. அண்ணா தாமே தாடையை வைத்து மீட்டினார், மறுபடி மீட்டினார். பிறகு "ஆமா" என்றார்.

கிடாரின் தலைப்பகுதியில் கொஞ்சம் கனம் ஏற்றினால் சரியாகலாம் என்று தோன்றியது. ஸ்பீக்கர் பெட்டி ஒட்டும் கிளாம்பை எடுத்து, ரப்பர் செருப்புத் துண்டை அடியில் கொடுத்து, அங்குமிங்கும் மாட்டிப் பார்த்தேன். ஒலி நீண்டு கேட்ட ஒரே இடம் கையெழுத்துக்கு நேர் மேலே.

"கையெழுத்து தெரியாதேம்மா."

"பாட்டு கேக்கும்ண்ணா."

ஞாயிறன்று கிளாம்போடுதான் வாசித்தேன். மைக்கைப் பிடித்த அண்ணா தன் வசனத்தைத் தொடங்கப் போய்க் கிடாரைப் பார்த்தார். சொல்வதற்கு அங்கே கையெழுத்து இல்லை. "பேஸ் கிடார்..." என்று இழுத்து என் பெயரைச் சொன்னார். இனிஷியலோடு, "நம்ம மாடம்பாக்கம்" என்று என் ஊரையும் சேர்த்து. சபை கைதட்டியது. அன்றைய பெருமையை இன்றும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். குழு கலைந்துவிட்டது. போன மாதம் ஒரு வரவேற்பில் பேஸ் நெஞ்சில் வந்து இடித்தது. யார் வாசிக்கிறார்கள் என்று ஆசையாக எட்டிப் பார்த்தேன். மேடை ஓரத்தில் ஒரு மடிக்கணினி; பேஸ் அதிலிருந்துதான். கடைசியில் பாடகர் எல்லோர் பெயரையும் சொல்லி நன்றி சொன்னார். பேஸுக்குச் சொல்ல அங்கே ஒரு பெயர் இல்லை.