தொட்டியில் மிஞ்சிய ஒன்று

முன்னறையில் 'பொளக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்த ராமக்காளின் கை நின்றது. தண்ணீருக்கு மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போகும் சத்தம். நேற்று முன்தினம் வரை மூன்று வாய்கள். இப்போது ஒன்று. அவள் மறுபடி அரிசியைக் களைந்தாள்.

ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருடமாகிறது. கணவன் சுப்பையா ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன். அவள் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் ஆயா. கூட்டித் துடைத்த பிறகு, மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட ஆக்ஸோலாட்டில் என்னும் மூன்று நீர்ப்பல்லிகளுக்கு மண்புழு போட்டுத் தண்ணீர் மாற்ற வேண்டும். வெள்ளை உடம்பு, கழுத்தோரம் சிவப்பு இறகு போலச் செவுள்கள், சிரித்தபடியே இருக்கும் வாய். எத்தனை வயதானாலும் குஞ்சுத் தோற்றம் மாறாத பிராணி. பிள்ளையில்லாத ராமக்காள் அவற்றோடு பேசிப் பேசியே பத்து வருடத்தை ஓட்டிவிட்டாள். தசரா விடுமுறையில் ஆய்வகம் பூட்டிக் கிடக்குமே என்று, விரிவுரையாளர் பசவராஜிடம் கேட்டுத் தொட்டியோடு வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள்.

ஆயுத பூஜையன்று அரிவாள்மணைக்குப் பொட்டு வைத்தாள். கணவனின் சைக்கிளுக்கு வைத்தாள். தனக்குச் சோறு போடுவது எது என்று யோசித்தவள், தொட்டிக் கண்ணாடியில் சந்தனம் தடவி, மஞ்சளும் குங்குமமும் கரைத்த நீரை மாவிலையால் உள்ளேயும் தெளித்தாள். மனசு கேட்காமல் மிச்சத்தையும் ஊற்றிக் கும்பிட்டாள்.

விடிந்தபோது இரண்டு மல்லாந்து மிதந்தன. மூன்றாவதை நல்ல தண்ணீருக்கு மாற்றினாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

மறுநாளான இன்று, பசவராஜ் வாசலில் நின்றார்.

"ராமக்கா, உன் பிள்ளைங்க இப்ப விஐபி, கொத்தா, தெரியுமா? அழிஞ்சுபோற ஆபத்துல இருக்கற பிராணிகளோட பட்டியல்ல இதுவும் இருக்கு. சொந்த ஏரியே சுருங்கிப்போச்சு. ஊர்ச் சாக்கடை கலக்குது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீனுங்க முட்டையைத் தின்னுடுது."

"அப்ப வேற எங்கயும் இல்லீங்களா சார்?"

"ஆய்வகங்கள்ல ஆயிரக்கணக்கா இருக்கு. ஏரியிலதான் இல்லாம போகுது."

"சொந்த ஊர்ல இல்லாம வெளியூர்ல பெருகி என்னத்துக்குங்க?"

அவர் சிரித்தார். "பெங்களூர் ஆய்வகத்துல மூணையும் கேட்டாங்க. ராமக்கா கையில இங்கேயே முட்டை வெக்கும், தரமாட்டேன்னு எழுதிட்டேன்."

"ஒண்ணுதானுங்க இருக்குது சார். நாந்தானுங்க கொன்னேன்."

ஒன்றுவிடாமல் சொன்னாள். எங்கோ யார் வீட்டிலோ நடந்ததைச் சொல்வதுபோல இருந்தது அவள் குரல்.

"தொட்டிக்கும் பூஜையா? என் ஸ்கூட்டருக்குச் செஞ்ச மாதிரி எலுமிச்சம்பழமும் நசுக்கினியா?" என்று வெடித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "ஹோகலி, விடு. ஆனா ஒத்தையா இருந்தா முட்டை ஏது? இதை பெங்களூருக்கு அனுப்பியே ஆகணும், ராமக்கா."

"நான் பாத்துக்கறனுங்க சார். இனிமே ஒண்ணும் போடமாட்டனுங்க."

"நீ நல்லாத்தான் பாத்துப்பே. ஜோடிக்கு எங்கே போவே?"

மூடிபோட்ட வாளியில் தண்ணீர் நிரப்பினாள். இரண்டு கையாலும் அள்ளி அதை உள்ளே விட்டாள்.

"குழாத்தண்ணிய ஒரு நாள் வெச்சிருந்து ஊத்தச் சொல்லுங்க. புழுவ நறுக்கிப் போடோணும்" என்று மட்டும் அவரிடம் சொன்னாள்.

"சொல்றேன், ராமக்கா."

வாளி தளும்பாமல் அவர் படியிறங்கினார். ஸ்கூட்டர் தெரு திரும்பும்வரை நின்றுவிட்டு, ராமக்காள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.