எங்கள் காம்பராவுக்கு எந்தக் காலம்?

ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் ஆங்கில வகுப்பு நடந்தது. நான் தலவாக்கலையில் ஒரு போட்டோ கொப்பி கடையில் டைப் அடிக்கிறவள். நுவரெலியா ஹோட்டலொன்றில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுத்தார்கள். அதற்கு ஆங்கிலச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். பாடசாலையில் பதினொரு வருஷம் ஆங்கிலம் படித்துவிட்டு, இருபத்தெட்டு வயதில் மறுபடியும் வினைச்சொல்லின் மூன்று வடிவங்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தேன். பதினொரு வருஷத்தில் ஐந்து வருஷம் எங்கள் பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியரே இல்லை. அதைச் சொன்னால் சாக்குச் சொல்வதாக நினைப்பார்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

என்னோடு என் சிநேகிதியும் வந்தாள். லிந்துலைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப் போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பஸ்ஸில் இருவரும் நின்றுகொண்டே பயிற்சி செய்வோம். அவள் "ஈட்" என்பாள், நான் "ஏட், ஈட்டன்" என்பேன். "ஹேவ் யூ ஈட்டன்?" என்று அவள் கேட்பாள். "ஐ ஹேவ் ஈட்டன்" என்று நான் சொல்வேன். இரண்டு பேருமே அநேகமாகச் சாப்பிட்டிருக்க மாட்டோம். கொட்டகலை தாண்டும்போது ஒரு நாள் கண்டக்டர், "ரொட்டி வேணும்னா தமிழ்லயே கேளுங்க, வாங்கித் தர்றேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அது வலிக்கவில்லை.

வலித்தது வேறு. பயிற்சிப் புத்தகத்தில் 'நீங்கள் எப்போதாவது பாரிஸுக்குப் போயிருக்கிறீர்களா?', 'அவள் புதுக் கார் வாங்கியிருக்கிறாள்', 'அவர்கள் இப்போதுதான் விடுமுறையிலிருந்து திரும்பியிருக்கிறார்கள்' என்ற மாதிரியான வாக்கியங்கள்தான் இருந்தன. வகுப்பில் இருந்த பதினெட்டுப் பேரில் ஒருவருக்கும் அவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை. வகுப்பெடுத்த சேருக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும். "புத்தகத்த மூடுங்க. உங்க குடும்பத்தப் பத்தி ஆளுக்கொரு உண்மையான வசனம் சொல்லுங்க" என்றார். டவுனில் பிறந்து வளர்ந்த, நாற்பது வயது தாண்டிய மனிதர். நன்றாகப் படிப்பிப்பார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் முறை வந்ததும் எழுந்து நின்று, "மை ஃபேமிலி ஹேஸ் லிவ்ட் இன் திஸ் ஹவுஸ் ஃபோர் ஃபைவ் ஜெனரேஷன்ஸ்" என்றேன். பஸ்ஸில் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்த வசனம். பிழையில்லை என்று எனக்குத் தெரியும்.

"எந்த வீடு? சொந்த வீடா?" என்று சேர் கேட்டார்.

"லயம் சேர். தோட்டம் குடுத்த வரிசைக் காம்பரா."

"அப்ப ஹேஸ் லிவ்ட் வராது. ஹேஸ் பீன் லிவிங். நிரந்தரமா இருந்தா ஹேஸ் லிவ்ட். தற்காலிகமா இருந்தா ஹேஸ் பீன் லிவிங். தோட்டத்து வீடு தற்காலிகம்தானே?"

அவர் கேலி செய்யவில்லை. பலகைப் பக்கம் திரும்பி, இரண்டு வடிவத்தையும் எழுதி, ஒன்றின் கீழ் நிரந்தரம் என்றும் மற்றதின் கீழ் தற்காலிகம் என்றும் எழுதினார். வகுப்பில் பாதிப் பேர் லயத்துப் பிள்ளைகள். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதினேன். என் கையால், என் கொப்பியில், ஐந்து தலைமுறையையும் தற்காலிகத்துக்குக் கீழே எழுதினேன். அவர் மேல் வந்த கோபத்தை விட என் கை மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

திரும்பி வரும்போது சிநேகிதியிடம் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். அதிலும் ஏறத்தாழ அப்படித்தான் போட்டிருந்தது. "சேர் சொன்ன இலக்கணம் சரிதான்டி," என்றாள் அவள். "நம்மளப் பத்தி சொன்னதுதான் பிழை."

தமிழில் இந்த வம்பே இல்லை. அஞ்சு தலைமுறையாக இருக்கிறோம் என்றால் இருக்கிறோம். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, கடையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், ஒரு கடிதத்தோடு நின்றார். தோட்டத்துக் கந்தோரிலிருந்து ஆள் வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். முழுக்க ஆங்கிலம். அம்மா தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். அவர் பேருக்கு வந்த கடிதம் அவருக்கு ஒரு சொல்லும் விளங்காத பாஷையில் இருந்தது. அரசாங்கக் கந்தோர்களில் உங்கள் மொழியில் சேவை பெறலாம் என்று மூன்று மொழியில் போர்டு தொங்குகிறது. எங்கள் தோட்டத்துச் சுவரில் அப்படி எதையும் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வரியிலேயே "யூ ஹேவ் பீன் ஆக்குபையிங்" என்று இருந்தது. சேர் தற்காலிகத்துக்கு மேலே எழுதிய அதே வடிவம். ஆக்குபை என்ற சொல்லை அகராதியில் பார்த்தேன். குடியிருத்தல் என்று ஒரு அர்த்தம். ஆக்கிரமித்தல் என்று இன்னொன்று.

விஷயம் இதுதான். அம்மா ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம். அப்பா இறந்து ஆறு வருஷம். தங்கச்சி கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில். நான் டவுனில். எங்கள் காம்பராவில் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்த ஆள் யாரும் இல்லை. ஆகவே மூன்று மாதத்துக்குள் காம்பராவைக் கையளிக்க வேண்டும்.

வாசித்துச் சொன்னேன். அம்மா குனிந்து தரையைத் தடவினார். பிறகு, "இந்தச் சீமெந்துத் தர உங்கப்பா போட்டது," என்றார். "கக்கூசு நாம கட்டுனது. தகரம் மாத்துனது நாம. அதெல்லாம் இதுல போட்டிருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப எழுது. போட்டு எழுது."

பதினெட்டு வயதில் பேர் பதிந்து முப்பத்தாறு வருஷம் அட்டைக் கடியிலும் மழையிலும் மலையேறிக் கொழுந்து பறித்தவர் அம்மா. அவர் என்னிடம் எதையாவது எழுதச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் முழுக்க எழுதினேன். சிநேகிதி வேலை முடிந்து வந்து எதிரே உட்கார்வாள். அம்மா வேலை செய்தார் என்பதற்கு எந்தக் காலம் போடுவது என்பதில் எங்களுக்குள் சண்டை வந்தது. ஹேஸ் வர்க்ட் என்றால் இன்னும் செய்கிறார் என்றாகும், வர்க்ட் என்றால் முடிந்துபோயிற்று என்றாகும். "முடிஞ்சிருச்சுதானே?" என்றாள் அவள். முடிந்ததுதான். ஆனால் அம்மாவின் முழங்கால் முடியவில்லை, விரல்களில் கறை முடியவில்லை. அதற்கெல்லாம் காலம் கிடையாதாம். வர்க்ட் என்றே போட்டோம். வீட்டைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும் நான் யாரையும் கேட்கவில்லை. வீ ஹேவ் லிவ்ட் ஹியர் என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் கடிதத்தைச் சேரிடம் பார்க்கக் கொடுத்தேன். சிவப்புப் பேனையோடு நின்றபடியே வாசித்தார். இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினார். லிவ்ட் என்பதைத் தாண்டிப் போனார். அதை அவர் கவனித்தாரா, கவனித்தும் விட்டாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. கடைசிப் பந்தியில் பேனை நின்றது. அதில் எங்களை இதே வீட்டில் இருக்க விடும்படி கேட்கிறோம் என்று எழுதியிருந்தேன். கேட்கிறோம் என்பதை வெட்டிவிட்டு, தாழ்மையுடன் மன்றாடுகிறோம் என்ற பொருள்பட மூன்று சொல் எழுதினார்.

"சேர், அதுல இலக்கணப் பிழை இருக்கா?"

"பிழையில்ல. ஆனா கந்தோருக்கு எழுதுற முறை இது. பணிஞ்சு எழுதினாத்தான் காரியம் நடக்கும்."

"நாங்க பிச்சை கேக்கல சேர்."

"தங்கச்சி, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"இலக்கணத்த மட்டும் பாத்துத் தாங்க சேர். மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

வாழ்க்கையில் ஒரு ஆசிரியரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் முகம் சிவந்தது. கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் பலகையை அழிக்கப் போனார். அவர் சொன்னது நடப்பு உண்மை என்று எனக்கும் தெரியும். எங்கள் ஆட்கள் எத்தனை காலமாக மன்றாடியே காரியம் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் அவ்வளவு எரிச்சல்.

கடையில் டைப் அடித்து, இரண்டு பிரதி எடுத்து, அம்மாவோடு கந்தோருக்குப் போனேன். எங்கள் கந்தோரில் தொழிலாளிகள் உள்ளே போவதில்லை. வெளியே ஒரு ஜன்னல் இருக்கிறது, அதன் முன்னால் நின்று பேச வேண்டும். கிளாக்கர் எங்கள் ஆள்தான். கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாருகிட்ட எழுதி வாங்குனீங்க?" என்று கேட்டார்.

"நான்தான் எழுதினேன்."

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், உள்ளே எடுத்துக்கொண்டு போனார். பத்து நிமிஷத்தில் தோட்டத்தை நடத்தும் தொரையே வாசலுக்கு வந்தார். என்னை விட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். முதலில் சிங்களத்தில் தொடங்கினார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னதும் ஆங்கிலத்துக்கு மாறினார்.

இதை எழுதியது யார் என்றார். "ஐ ஹேவ் ரிட்டன் இட்" என்றேன். அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. அங்கே ஐ ரோட் இட் என்றுதான் வர வேண்டும் என்பது பாதி வழி திரும்பி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மாதக்கணக்காக ஒரே காலத்தைப் பயிற்சி செய்து, வாய் அதற்கே பழகிவிட்டது.

அவர் சொன்னது சுருக்கமானது. வேலையோடுதான் வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. நான் தரையைப் பற்றியும் தகரத்தைப் பற்றியும் சொன்னேன். அதையெல்லாம் செய்யச் சொல்லி உங்களை யார் கேட்டது என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, சாதாரணமாகக் கேட்டார்.

அம்மாவுக்கு இந்தப் பேச்சு விளங்கவில்லை. ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே சுவரோரமாக மூன்று கதிரைகள் சும்மா கிடந்தன. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "மை மதர் கெனாட் ஸ்டேன்ட் லோங். ப்ளீஸ் கிவ் ஹெர் எ செயார்" என்றேன். தொரை கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் கதிரையைத் தூக்கி வந்து வாசலுக்கு வெளியே போட்டார். உள்ளே அல்ல, வெளியே. அம்மா உட்காரவில்லை.

"வேணாம் புள்ள. தொர நிக்கிறாரு" என்றார்.

முப்பத்தாறு வருஷம் இந்தத் தோட்டத்துக்குக் கொழுந்து பறித்துப் போட்ட மனுஷி, மகள் கேட்டு வாங்கிய கதிரையில்கூட உட்காரப் பயந்து நின்றார். அந்தப் பயத்தை அவருக்குள் யார் வைத்தார்களோ அவர்களில் ஒருவர்கூட இன்று உயிரோடு இருக்க மாட்டார்கள். பயம் மட்டும் இருக்கிறது.

கடிதம் கொழும்பிலுள்ள கம்பெனிக்குப் போகும் என்றார்கள். மூன்று வாரத்தில் பதில் வந்தது, மறுபடியும் ஆங்கிலத்தில். உங்கள் கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரே வரி. யார் எடுத்தார்கள், என்ன முடிவு, ஒன்றுமில்லை. அந்தச் செயப்பாட்டுவினை வடிவத்தில் செய்தவன் பேர் சொல்லாமலே தப்பிக்கலாம் என்று வகுப்பில் படித்திருந்தேன்.

நான் அடுத்த கடிதத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா காரியத்தை முடித்துவிட்டார். ஒரு காலை நான் எழும்பியபோது அவர் கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா?"

"மலைக்கு. கணக்கப்பிள்ளகிட்டப் பேசிட்டேன். கெழமைக்கு மூணு நாள் பேர் பதியாம கைக்காசுக்கு வேலைக்கு வந்தா, காம்பராவப் பத்தி இப்போதைக்குக் கேக்க மாட்டாங்களாம்."

"ஏம்மா, நான் எழுதிக்கிட்டுத்தானே இருக்கேன்? உங்க முழங்காலு என்னாகும்?"

"நீ எழுதுனது நல்லதுதான் புள்ள. தொர வாசலுக்கு வந்தாருல்ல. ஆனா நமக்கு வீடு வேணுமே."

நான் கத்தினேன். அக்கம்பக்கத்துக் காம்பராக்களுக்குக் கேட்டிருக்கும். எழுபதை நெருங்கினாலும் இந்த வீட்டுக்காக மலையேறுவீர்களா என்று கேட்டேன். அவர் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். யார் மேல் கோபப்பட வேண்டுமோ அவர்கள் கொழும்பில் இருந்தார்கள். கைக்கெட்டிய தூரத்தில் அம்மாதான் இருந்தார்.

சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஹோட்டல் வேலையும் கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து, இந்த மலைகளை நாங்கள் பார்த்ததே இல்லை, எவ்வளவு அழகு என்கிறார்கள். நான் நல்ல ஆங்கிலத்தில் நன்றி சொல்கிறேன். தொழில் திணைக்களத்துக்கு ஒரு முறைப்பாடும் அனுப்பியிருக்கிறேன், இந்தத் தடவை தமிழில். அதைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்த அன்று அம்மா மலையிலிருந்து வந்து, சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, "இதுலயும் கக்கூசு நாம கட்டுனதப் போட்டியா?" என்று கேட்டார்.

"முதல் வரியிலயே போட்டிருக்கேன்" என்றேன்.