சம்மந்தி முன்னால் காலை நீட்டுவதா?

ரயிலில் மெத்தைப் படுக்கைக்குக் கூடுதலாகக் காசு கொடுப்பது தகுமா, தகாதா என்று சீதாலட்சுமி வீட்டில் யாராவது பேச்செடுத்தால் போதும், அன்றைக்கு அடுப்பில் வைத்தது தீய்ந்துபோகும். புருஷனும் பெண்டாட்டியும் அப்படி மல்லுக்கு நிற்பார்கள். வயிரவனுடைய கட்சி ரொம்ப எளிமையானது. "பலகையில உக்காந்து போறவனும் மெத்தையில படுத்துப் போறவனும் ஒரே நேரத்துலதான் எறங்குறான். எஞ்சின் என்ன, மெத்தைக்காரனை மட்டும் முன்னால கொண்டுபோயி விடுதா?" என்பார். அதற்குமேல் அவரிடம் சரக்கு கிடையாது. அதையே சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

சீதாலட்சுமி சுகம் தேடுகிற பெண்பிள்ளை அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவளைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். வியட்நாமில், சைகோனிலேயே பிறந்து சைகோனிலேயே வளர்ந்தவள். அப்பா ஒரு துணிக்கடையில் காவல்காரர். கட்டிக்கொடுத்ததும் பக்கத்துத் தெருவிலேயே, செட்டியார் கடை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த வயிரவனுக்கு. எழுபத்தைந்தில் ஆட்சி மாறிக் கடைகளை இழுத்து மூடியபோது தெரிந்த சனமெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டது. இவர்கள் கிளம்ப இருந்த வாரம் பார்த்து, கைக்குழந்தை வேதநாயகிக்குக் காய்ச்சல். பிள்ளை தேறட்டும், அடுத்த விமானத்தில் போய்க்கொள்ளலாம் என்றார்கள். அடுத்தது, அதற்கடுத்தது என்று தள்ளிப்போய் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து வீடு. அதில் மசாலா இடித்துத்தான் பிழைப்பு. கஷ்டகாலத்தில் சீதாலட்சுமி இடுப்பில் பிள்ளையும் தோளில் மசாலாப் பையுமாக கடற்கரை ஊரான நாட்ராங் வரைக்கும் ரயிலில் போய் விற்றுவிட்டு வருவாள். எல்லாம் மரப்பலகை வகுப்புதான். பலகைக்கு அடியில் பாயை விரித்து ஒருத்தி படுத்திருப்பாள், மேலே ஜன்னலுக்கு ஜன்னல் தூளி கட்டி இன்னொருத்தி பிள்ளையை ஆட்டுவாள். முன்பின் தெரியாதவள் வேதநாயகியைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொள்வாள். ஒரு மணி நேரத்தில் ஒருத்தியின் மாமியார் கதை முழுக்க மற்றவளுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பலகையைப் பற்றிச் சீதாலட்சுமிக்கு ஒரு குறையும் கிடையாது.

அப்படிப்பட்டவள்தான் ஒருநாள், தொண்ணூறுகளின் கடைசியில், வடக்கே ஒரு ராப்பகல் பயணத்தில் இருக்கும் ஹூவேக்குப் போக மெத்தைப் படுக்கைதான் வேண்டும், அதுவும் குளிர்சாதனம் வைத்த நாலு பேர் அறைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். காரணம் வேதநாயகியின் கல்யாணம்.

வேதநாயகி வேலை பார்த்த கம்பெனியிலேயே மின் என்று ஒரு வியட்நாம் பையன். நல்ல பிள்ளை, வாய் அதிராது. இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. பையனின் அப்பா ஓங் தாம் ஓய்வுபெற்ற வாத்தியார், எதற்கும் சிரிப்பவர். சிக்கல் பையனின் அம்மா பா லியென்தான். பூர்வீகம் ஹூவே. அந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லும் நறுக்கு, பார்வையும் நறுக்கு என்று சைகோனில் எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. பா லியென் ஒரே ஒருமுறை சந்து வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்தார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். பிடித்ததா பிடிக்கவில்லையா, ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து வேதநாயகி அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னாள்: "அவுக அம்மா என்ன கேட்டாகளாம் தெரியுமாம்மா? இந்தச் சனங்க இத்தனை வருசமா இங்கேதான் இருக்காங்க, ஆனா நம்மளோட ஒட்டுவாங்களா, இல்ல கடைசி வரைக்கும் விருந்தாளி மாதிரியே இருந்துருவாங்களான்னு கேட்டாகளாம்."

ஹூவேயில் பையனின் பெரியப்பா வீட்டில்தான் குடும்பத்தின் மூதாதையர் பீடம் இருந்தது. அந்தப் பீடத்தின் முன்னால், "இந்தப் பெண்ணை எடுக்கிறோம்" என்று பையனின் தாய் வாய் திறந்து சொன்னால் நிச்சயம் ஆனமாதிரி. சொல்லாவிட்டால் இல்லை. இரு தரப்புப் பெற்றோரும் ஒன்றாகவே ரயிலில் போவது என்று ஏற்பாடாயிற்று. பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருநாள் முன்னதாகப் பேருந்தில் போய்விட்டார்கள்.

"பலகையில கூட்டிட்டுப் போனா நம்ம பிள்ளைய எளக்காரமா நெனைச்சுருவாக. நாலு டிக்கெட்டும் நம்ம எடுப்போம்" என்றாள் சீதாலட்சுமி.

"எஞ்சின் என்ன..." என்று ஆரம்பித்தார் வயிரவன்.

"எஞ்சினைத் தூக்கிக் குப்பையில போடுங்க!"

டிக்கெட் கவுண்டரில் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுக்காரர் கட்டணப் பட்டியலை எடுத்தான் ஒரு பையன். சீதாலட்சுமி சந்தை வியட்நாமியில் அவனுடைய ஏழு தலைமுறையையும் நலம் விசாரித்தாள். பையன் சிரித்துக்கொண்டே உள்ளூர் டிக்கெட்டைக் கிழித்தான்.

காலையில் வண்டி கிளம்பியது. அறை என்றால் அறைதான். கீழே எதிரெதிராக இரண்டு படுக்கை, மேலே இரண்டு. வெள்ளை உறை போட்ட தலையணை, மடித்த போர்வை, இழுத்து மூடும் கதவு. வயிரவன்கூட மெத்தையை ரகசியமாக ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. சீதாலட்சுமிக்குப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் முன்னால் பெண்ணைப் பெற்றவள் எப்படிப் படுப்பது? சம்மந்தி முன்னால் காலை நீட்டினாலே மரியாதைக் குறைவு. ஆண்சம்மந்தி வேறு எதிரே இருக்கிறார். அவள் அம்மா சம்மந்தி வந்தால் சுவரில் சாயக்கூட மாட்டாள். வயிரவனுக்கும் அதே நினைப்பு. மேல் படுக்கைக்கு ஏறினால் தன் கால் சம்மந்தியம்மா தலையைவிட உயரத்துக்குப் போகும், சிவ சிவா! அவர் பெண்டாட்டியின் படுக்கையிலேயே ஓரமாக ஒண்டிக்கொண்டார்.

எதிரே பா லியென் பார்த்தார். பெண்வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது தாங்கள் மட்டும் எப்படிச் சாய்வது? அவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓங் தாம் ஏறத் தயாராக ஏணியில் வைத்த காலை எடுத்துவிட்டு மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து சிரித்தார். மேலே இரண்டு படுக்கையும் காலி. கீழே நான்கு பேரும் பள்ளிக்கூடத்தில் போட்டோ பிடிக்க உட்கார்த்திவைத்தமாதிரி விறைத்துக்கொண்டு இருந்தார்கள்.

"படுங்களேன்" என்றாள் சீதாலட்சுமி வியட்நாமியில்.

"நீங்க முதல்ல படுங்க" என்றார் பா லியென்.

"ஐயோ, எனக்குத் தூக்கமே வரலை."

"எனக்கும்தான்."

சாப்பாட்டிலும் இதே கூத்து. இவர்கள் புளியோதரையைப் பிரித்து, அவர்கள் கை வைக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவர்கள் வாழையிலையில் கட்டிய ஒட்டரிசிச் சோற்றை வைத்துக்கொண்டு, இவர்கள் தொடட்டும் என்று காத்திருந்தார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு வாய் கொறித்துவிட்டு மூடிவைத்தார்கள்.

மத்தியானம் வந்தது. மத்தியானத் தூக்கம் இல்லாமல் ஒரு வியட்நாம்காரரை உட்கார்த்திவைப்பது பாவம். சந்தையில் கல்லாவுக்கு மேலேயே படுத்துத் தூங்குகிற சனம் அது. பா லியெனின் கண் சொருகிச் சொருகி நிமிர்ந்தது. ஓங் தாமின் சிரிப்பு வற்றிவிட்டது. குளிர்சாதனக் காற்று நேராகச் சீதாலட்சுமியின் முழங்காலில் அடித்தது. வருஷக்கணக்காக மசாலா இடித்த முட்டி, உள்ளே யாரோ திருகுகிறமாதிரி வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தமுகமாக உட்கார்ந்திருந்தாள்.

வயிரவன் அவள் காதோரம் குனிந்து தமிழில் முணுமுணுத்தார்: "கொடுத்த காசுக்கு முதுகு இன்னும் மெத்தையில படலை. பலகையா இருந்தாலாவது சாஞ்சிருக்கலாம்."

"சும்மா இருங்க. நம்ம பிள்ளைக்காகத்தான்."

சற்று நேரத்தில் பா லியென் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே நடைவழிக்குப் போனார். ஓங் தாமும் பின்னாலேயே போனார். கதவு சரியாக மூடவில்லை. ஓரத்தில் இருந்த சீதாலட்சுமிக்குப் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"நம்ம எதிர்ல சாயக்கூட மாட்டேங்கிறாங்க" என்றார் பா லியென். குரல் தழுதழுத்தது. "இத்தனை காசு போட்டு டிக்கெட் எடுத்து, நம்மளை எங்கேயோ உயரத்துல வச்சுட்டு, அவங்க தனியா உக்காந்திருக்காங்க. எனக்கு இடுப்பு ஒடியுது. நாளைக்கு அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வந்தாலும் இப்படித்தானே மூலையில உக்காந்திருக்கும்? பாவம் இல்லையா அது? உங்க அண்ணன் கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?"

ஓங் தாம் என்னவோ சமாதானம் சொன்னார்.

"இல்லை. என் மனசுக்குத் தோணாததை மூதாதையர் முன்னால என்னால சொல்ல முடியாது."

சீதாலட்சுமிக்கு அப்போதுதான் விளங்கியது. அட பாவி மனசே! மகளுக்கு மரியாதை சேர்க்கிறோம் என்று நினைத்து, காலையிலிருந்து அவள் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டல்லவா இருந்திருக்கிறோம்! பலகை வகுப்பில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்திருந்தால் இந்நேரம் அந்த அம்மாளின் இடுப்புவலிக்கு எத்தனை வயசு என்றுகூடத் தெரிந்திருக்கும். கதவை மூடிய மெத்தை அறையில், தானே காசு கொடுத்து வாங்கிய இந்த இடத்தில், இரண்டடி எதிரே இருந்தவரை எட்டாத தூரத்தில் உட்கார வைத்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொண்டாள்.

பா லியெனும் ஓங் தாமும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

சீதாலட்சுமி தலைப்பை எடுத்து இடுப்பில் செருகினாள். "நீங்க மேல ஏறுங்க" என்று வயிரவனை ஒரு தள்ளு தள்ளினாள். பிறகு, சம்மந்தி கண்ணெதிரே, அம்மாடி என்று மெத்தையில் மல்லாந்து சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டினாள்.

வயிரவனுக்கு உயிரே போய்விட்டது. "ஏ சீதை! என்ன காரியம் பண்றே? அவுக பாக்குறாக!"

"பாக்கட்டும்" என்றாள். பிறகு வியட்நாமியில், "முட்டி செத்துப்போச்சு. உங்க பையில அந்தப் பச்சைத் தைலம் இருக்கா?" என்று கேட்டாள்.

பச்சைத் தைலம் இல்லாத கைப்பையோடு எந்த வியட்நாம் பெண்பிள்ளை வெளியே கிளம்புவாள்? பா லியென் சீசாவை எடுத்து நீட்டினார். சீதாலட்சுமி வாங்கவில்லை. பெண்ணைப் பெற்றவள், மாப்பிள்ளையின் தாயைத் தன் காலைத் தொடச் சொல்வதாவது! அவள் சாதிசனத்தில் கேட்டால் காறித் துப்புவார்கள். ஆனாலும் சொன்னாள்.

"குனிய முடியலை. கொஞ்சம் நீங்களே தேய்ச்சுவிடுறீங்களா?"

பா லியென் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு எழுந்துவந்து அவள் படுக்கையில் உட்கார்ந்து, புடவையை முழங்கால்வரை ஏற்றி, தைலத்தைக் கொட்டி அழுத்தித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கோபம் பொங்கிவந்தது.

"இவ்வளவு வீங்கியிருக்கு! காலையில இருந்து இதை வச்சுக்கிட்டா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க? பைத்தியமா உங்களுக்கு?" பட்டென்று கெண்டைக்காலில் ஓர் அடியும் வைத்தார்.

"உங்க இடுப்பு மட்டும் என்ன வாழுதாம்? திரும்பிப் படுங்க, நான் தேய்க்கிறேன்" என்றாள் சீதாலட்சுமி.

பா லியென் வெடித்துச் சிரித்தார். அந்த நறுக்கு முகத்தில் இப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. அப்புறம் என்ன, ஆண்கள் இரண்டு பேரும் அவசர அவசரமாக மேலே ஏறிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் தேய்த்துக்கொண்டார்கள். அறை முழுக்கத் தைல நெடி. புளியோதரையும் ஒட்டரிசியும் மறுபடி வெளியே வந்து, கைமாறிக் காலியாயின. பா லியெனின் மாமியார் கதை முழுக்க வெளிவந்தது. எழுபத்தைந்தில் விமானம் ஏறாமல் போன கதையைச் சீதாலட்சுமி சொன்னபோது, "பிள்ளைக்குக் காய்ச்சல்னா எந்தத் தாய் கிளம்புவா?" என்று பா லியென் கண்ணைத் துடைத்தார். இருட்டுவதற்குள் நான்கு பேரும் படுத்துவிட்டார்கள்.

காலையில் ஹூவே வந்தபோது ஊழியர் கதவைத் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. சீதாலட்சுமி பார்த்துப் பார்த்து உடுத்திய பட்டுப்புடவை சுருட்டிய பாயாகக் கசங்கிக் கிடந்தது, கொண்டை ஒருபக்கம் சரிந்திருந்தது. அதைச் சரிசெய்யக்கூட நேரமில்லாமல் இறங்கினாள்.

நடைமேடையில் பையனின் பெரியப்பா தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் வேதநாயகி. பாவம், ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டாள். அம்மாவின் கோலத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

பெரியவர் விருந்தாளிகளைக் குனிந்து வணங்கினார். "களைச்சு வந்திருப்பாங்க. முன்பக்கத்து விருந்தாளி அறையைச் சுத்தம் பண்ணி வச்சிருக்கோம்" என்று தம்பி மனைவியிடம் சொன்னார்.

"அது எதுக்கு அண்ணா?" என்றார் பா லியென், சீதாலட்சுமியின் கைத்தாங்கலில் நடந்துகொண்டே. "இந்த அக்கா விட்ட குறட்டையில ராத்திரி பாதி நேரம் எனக்குத் தூக்கமே இல்லை. இவங்களுக்குப் போய் விருந்தாளி அறையா? உள்ளே பொம்பளைங்க படுக்கிற இடத்துல, எனக்குப் பக்கத்துல பாய் போடச் சொல்லுங்க."

வேதநாயகி முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு, நடைமேடை என்றும் பாராமல், ஓவென்று அழுதாள்.