உள்ளங்கை சூப்

நீளக் கரண்டியால் சூப்பைக் கிண்டி, இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினாள். உப்புப் போட்டாள். கிண்டினாள், மறுபடி நக்கினாள். தொழிற்சாலை கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சமைப்பவள். பதினெட்டு வருடமாக இதே கை, இதே ருசிபார்ப்பு. முழங்கால் இரண்டும் விட்டுப்போயிருந்தன. அடுப்பிலிருந்து குழாயடிக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது.

உடல் பருமன் குறைய, இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்கு எட்டு மாதம் காத்திருந்தாள். இன்று காலை நடந்திருக்க வேண்டியது. நேற்று ஸ்கேனைப் பார்த்த டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"ரெண்டு வாரம் நாங்க எழுதிக் கொடுத்த பானம் மட்டும்தானே குடிக்கச் சொன்னோம்? கல்லீரல் சுருங்கவே இல்லையேம்மா. வயித்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கல்லீரலைத் தூக்கிப் பிடிச்சாத்தான் இரைப்பை தெரியும். இவ்வளவு பெருசா இருந்தா கிழிஞ்சு ரத்தம் கொட்டும். இன்னும் ரெண்டு வாரம் பாக்கறேன். அப்பவும் இப்படியே வந்தா, அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன்."

"ஒரு வாய் சாப்பிடலை டாக்டர்" என்றாள், அழாத குறையாக. பொய் சொல்வதாக அவள் நினைக்கவில்லை.

அதே சமையலறையில் காய் நறுக்கும் நாத்தனார் காலையிலேயே ஆரம்பித்தாள்.

"அண்ணி, நீங்க சாப்பிடலைன்னா அந்தக் கல்லீரல் என்ன, காத்தைக் குடிச்சா கொழுக்குது?"

"முதல்ல உன் வாய்க்கு ஒரு ஆபரேஷன் பண்ணணும்டி."

அண்ணி உள்ளங்கையில் ஊற்றிய ஒவ்வொரு தடவையும் நாத்தனார் அதே அளவு எடுத்து டம்ளரில் விட்டுக்கொண்டே வந்தாள். மதிய மணி அடித்தபோது மேடையில் மூன்று டம்ளர் நின்றன. மேலே கொழுப்பு ஆடை கட்டியிருந்தது.

"யாருக்குடி இது?"

"நீங்க குடிச்சதுதான் அண்ணி. மத்தியானம் வரைக்கும்."

"உப்புப் பாக்கறதெல்லாம் சாப்பாடா?"

"நமக்கு இல்ல. கல்லீரலுக்கு அதை யார் எடுத்துச் சொல்றது?"

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து டம்ளர்களையே பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் சமையலில் உப்புச் சரியில்லை என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அது ஒன்றுதான் அவளிடம் இருந்த பெருமை. மூன்றையும் தொட்டியில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தாள்.

மறுநாள் காலை இடது கைக்கு ஒரு ரப்பர் உறையை மாட்டிக்கொண்டாள். சூப் கொதித்ததும் கரண்டியை நாத்தனாரிடம் நீட்டினாள்.

"உப்பு போதுமா பாரு."

"போதும் அண்ணி."

"உனக்கு எப்பவுமே போதும்டி. அதான் எனக்குப் பயம்."

ஆனால் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த உப்புக் குப்பிகளைத் தேடி எடுத்துத் துடைத்து நிரப்பினாள். சாப்பாட்டுக் கூடத்துக்குக் காலை இழுத்து இழுத்து நடந்துபோய், மேசைக்கு ஒன்றாக வைத்துவிட்டு வந்தாள்.