கிலுங்கும் கல்லுக்கு ஓர் எக்ஸ்ரே

1. மேய்ந்த நாள்

நிலத்தடி நீர் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு கல்லை உடைத்தேன். உடைக்கும்படி யாரும் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை.

என் பதவி ஃபீல்ட் அசிஸ்டன்ட். குழாய்க்கிணறு துளைக்கும்போது மேலே வருவதைப் பார்த்து, எத்தனை அடியில் என்ன கல் என்று லொக் புத்தகத்தில் எழுதவேண்டும். யாழ்ப்பாணத்தில் இது பெரிய வித்தை அல்ல. மேலே மண், கீழே சுண்ணக்கல், அதற்குக் கீழேயும் சுண்ணக்கல். ஒரு கிளிக்கு எழுதத் தெரிந்திருந்தால் என்னை எடுத்திருக்கவே மாட்டார்கள்.

அன்று கோப்பாயில் ஒரு தோட்டத்தில் நின்றோம். எங்கள் இன்ஜினியர் அங்கே போட்டிருந்த மடக்கு மேசையில் தோடம்பழம் அளவில் ஓர் உருண்டைக் கல் வைத்திருந்தார். ஆட்டினால் உள்ளே ஏதோ கிலுங்கியது. அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், சுத்தியலை எடுத்து ஒரு போடு போட்டேன். கல் இரண்டாகப் பிளந்தது. உட்சுவர் முழுக்கக் கற்கண்டு ஒட்டியதுபோலப் பளிங்கு. கிலுங்கிய சாமான் மட்டும் துள்ளிப் பறந்து வெங்காயப் பாத்திக்குள் போய் விழுந்துவிட்டது.

இரண்டு கையையும் இரண்டு முழங்காலையும் ஊன்றித் தேடிக்கொண்டிருந்தேன். இன்ஜினியர் வந்து நின்றார்.

"என்ன ஐசே, மேயிறீரோ?"

"கல்லுக்குள்ளை இருந்தது பறந்திட்டுது சேர்."

"என்ன இருந்தது?"

"தெரியாது சேர்."

"நான் ஆறு மாசமா உடைக்காமல் யோசிச்சுக்கொண்டு இருக்கிறன். நீர் ஆறு நிமிசத்திலை உடைச்சுப்போட்டும் தெரியாது எண்டுறீர். நல்லா வருவீர்."

நல்லாக வரவில்லை. ஆனால் அந்த ஆசை மட்டும் போகவில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் எல்லாரும் தோட்டத்துக்குப் பக்கத்துக் கோயிலைப் பார்த்துக் கும்பிடுவார்கள். நான் வெங்காயப் பாத்தியைப் பார்ப்பேன்.

2. தேங்காய் வாங்கத் தெரிந்தவர்களுக்கு

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சிப்பியையோ சங்கையோ சுற்றிச் சேறு இறுகி உருண்டைக் கல்லானால் அது நொடியூல். உருண்டைக்குள் வெற்றிடம் இருந்து, சுவரில் பளிங்கு வளர்ந்திருந்தால் ஜியோட். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி அவலட்சணமாக இருக்கும். ஆகவே தேங்காய் வாங்குவதுபோலத்தான்: தூக்கிப் பார், தட்டிப் பார், ஆட்டிப் பார். பாரமாக இருந்தால் நொடியூல். அளவுக்குப் பாரம் காணாது என்றால் உள்ளே வெற்றிடம். கிலுங்கினால் உமக்கு அதிர்ஷ்டம்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் ஒருமுறை அரை மணித்தியாலம் லென்ஸ் வைத்துப் பார்த்து "அபூர்வமான நொடியூல்" என்று எழுதினேன். வெட்டிப் பார்த்தபோது உள்ளே கடதாசி இருந்தது. மழையில் நனைந்து இறுகிய சீமெந்துப் பை.

வேலையில் இருந்த காலம் முழுக்கக் கிலுங்கும் கல் இன்னொன்று எனக்குக் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அது தானாகவே ஓட்டோவில் வந்து இறங்கியது.

3. ரீச்சரின் வழக்கு

கொண்டுவந்தவர் இணுவிலைச் சேர்ந்த, முந்திப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பாக்கியம் ரீச்சர். உரும்பிராயில் என் வீட்டைத் தேடிப் பிடித்து, துவாயில் சுற்றிய கல்லை மேசையில் வைத்தார்.

"தம்பி, உதுக்குள்ளை என்ன எண்டு சொல்லவேணும். ஆனால் உடைக்கக் கூடாது."

விஷயம் இதுதான். கலியாணம் முடித்த புதிதில் அவர்கள் வீட்டுக் கிணறு வெட்டியபோது கிடைத்த கல் அது. உள்ளே கிலுங்குவது சங்கு என்றார் கணவர். கல்லுத்துண்டு என்றார் ரீச்சர். அந்தச் சண்டை இருபத்தாறு வருடம் நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கணவர் கல்லை எடுத்து ரீச்சரின் காதுக்குப் பக்கத்தில் ஆட்டுவாராம். உடைத்துப் பார்ப்போம் என்றால் மட்டும் விடமாட்டாராம். "உடைச்சால் ஆர் வெண்டது எண்டு தெரிஞ்சிடும். பேந்து நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது?" என்பாராம்.

"போன வரியம் அவர் போயிட்டார்," என்றார் ரீச்சர். "இப்ப கதைக்கவும் ஆளில்லை. ஆர் வெண்டது எண்டாவது தெரியட்டும்."

நான் அனுதாபம் சொல்லியிருக்கவேண்டும். பழக்கதோஷம், அசிட் போத்தலைத் திறந்து கல்லில் ஒரு சொட்டு விட்டேன். நுரைத்தது.

"அவரின்ரை கல்லிலை என்னத்தை ஊத்திறீர்?"

"அசிட், ரீச்சர். பொங்குது பாருங்கோ. சுண்ணக்கல்."

"யாழ்ப்பாணத்துக் கிணத்துக்குள்ளாலை வந்தது சுண்ணக்கல் எண்டு எனக்குத் தெரியாதே? உதைக் கண்டுபிடிக்கவோ உமக்குப் பென்சன்?"

கல்லில் வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்திருந்தது. வெட்கத்தில்தான் எனக்கு எக்ஸ்ரே யோசனை வந்தது. தெரிந்த தம்பி ஒருவர் தனியார் கிளினிக் ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவர். ஆட்கள் குறைந்த மத்தியான நேரம் மூன்று பேருமாகப் போனோம்; மூன்றாவது ஆள் கல்.

"பேஷன்ட் ஆர் அண்ணை?"

கல்லைக் காட்டினேன்.

"வயசு?"

"கோடிக்கு மேலை."

அவர் படிவத்தில் அதை எழுதினார். கல்லைத் தட்டில் வைத்து, மறைப்புக்குப் பின்னால் போய், வழக்கமான குரலில், "மூச்சை இழுத்துப் பிடியுங்கோ," என்றார். ரீச்சர் பிடித்தார்.

படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளையாகச் சுவர். அதன் உட்பக்கத்தில் அரத்தின் பல்லுப்போலப் பளிங்கு. நடுவே கறுப்பு வெற்றிடம். அதற்குள் சாய்ந்து கிடந்தது, சுருள் சுருளாக ஒரு சின்னச் சங்கின் உருவம். நாலு விரல் தூரத்தில் இருக்கிறது, எடுத்துப் பார்க்க முடியாது.

ரீச்சருக்கு உள்ளதைச் சொன்னேன். கடலுக்கடியில் சங்குக்குள் சேறு புகுந்து கல்லாக இறுகியிருக்கிறது. பிறகு தண்ணீர் ஊறி ஊறிச் சங்கின் ஓட்டைக் கரைத்துவிட்டது. ஓடு இருந்த இடம் வெறுமையாகிவிட்டது. அந்த வெறுமையில்தான் உள்ளே இறுகின கல் ஆடுகிறது. ஓடு இருந்திருந்தால் கிலுங்காது.

"அப்ப ஆர் வெண்டது?"

"உருவம் சங்கு, சாமான் கல்லு. சமன், ரீச்சர்."

நல்ல தீர்ப்புச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. ரீச்சரின் முகம் வாடிவிட்டது.

"இருபத்தாறு வரியச் சண்டை. சமனோ?"

ஓட்டோவில் திரும்பி வந்தோம். என் வீட்டு வாசலில் அவர் கல்லை என் கையில் வைத்தார்.

"உமக்கு உடைச்சுப் பாக்க ஆசை எண்டு முகத்திலை எழுதியிருக்கு. இனி உதை வைச்சிருந்து என்ன? உடையும்."

சுத்தியல் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. எடுத்தும்விட்டேன். கல்லை வாசற்படியில் வைத்தபோது அது மெல்லக் கிலுங்கியது. ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"ரீச்சர், எனக்கென்னவோ அது முழுச் சங்கு எண்டுதான் படுது. அவர் சொன்னதுதான் சரி."

அவர் கண்ணைத் திறந்தார். "இப்பதானே கல்லெண்டனீர்?"

"நிழலைப் பாத்துச் சொன்னது. நிழலை நம்பலாமே? சங்குதான்."

"விசர்க் கதை கதையாதையும்." கல்லைப் பறித்து என் காதடியில் ஆட்டினார். "கேளும். வடிவாக் கேளும். சங்கெண்டால் உப்பிடியே கிலுங்கும்? கல்லு!"

"சங்கு."

"கல்லு, தம்பி!"

பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

இளையவர்களே, லென்ஸும் அசிட்டும் நல்ல சாமான்கள்தான். ஆனால் கல்லைக் கொண்டுவருபவர் எதைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள். சிலர் தெரிந்துகொள்ள வந்ததாகத்தான் சொல்வார்கள். இதைக் கற்க எனக்கு ஒரு வேலைக்காலமும் அதற்குமேல் கொஞ்சமும் எடுத்தது.

இப்போது மாதம் ஒருமுறை இணுவிலுக்குச் சைக்கிளில் போகிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு ரீச்சர் கல்லை ஆட்டுவார், நான் சங்கு என்பேன், அவர் என்னைத் திட்டுவார். உள்ளே இருக்கும் அந்தச் சுருளை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கவேண்டும் என்ற ஆசை இன்னும் அப்படியே இருக்கிறது. அதனால் சுத்தியலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். என்னை எனக்குத் தெரியும்.