ஜம்புலிங்கம், உடன் மனைவி

ஜம்புலிங்கம் ஒரு கோழை. இருபது வருடம் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அந்த நாளில் மெட்ராஸிலிருந்து போர்ட் பிளேருக்கு மாதம் ஒரு கப்பல் வந்தால் அதிகம். அது அங்கே புறப்பட்டதுமே, அதில் வரும் அரசாங்க ஊழியர்கள், குடும்பத்தார் பெயர்களெல்லாம் வயர்லெஸ்ஸில் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடும். அதை டைப் அடித்து வாசல் பலகையில் ஒட்டுவது ஜம்புலிங்கத்தின் வேலை.

துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட்டில் குடியிருந்தார். வேலைக்குத் தினமும் படகில் இக்கரையிலுள்ள சாத்தம் ஜெட்டிக்கு வருவார். அதே படகில் ஆஸ்பத்திரி வேலைக்கு வருபவள் நீலாவதி. இரண்டு வருடம் படகிலேயே பேசிப் பேசி, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டார். அவளுடைய தாத்தா தண்டனைக் கைதியாக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அம்மாவிடம் சம்மதம் வாங்கி வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, 1956இல் இரண்டு மாத லீவில் கப்பலேறினார்.

"கைதி வம்சமா?" என்று அம்மா ஒரே கேள்விதான் கேட்டாளாம். அதற்குமேல் மனிதர் வாயைத் திறக்கவில்லை. லீவு முடிவதற்குள் தூரத்து உறவில் விசாலாட்சியைக் கட்டிவைத்துவிட்டார்கள்.

நீலாவதியிடம் எப்படிச் சொல்வது என்று கப்பலில் நாலு நாளும் ஒத்திகை பார்த்தாராம். யார் யார் பெயரையோ பலகையில் ஒட்டிய மனிதருக்கு, தன் பெயரும் தனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும் என்பது மட்டும் உறைக்கவில்லை. 'ஜம்புலிங்கம், உடன் மனைவி' என்று டைப் அடித்து ஒட்டியவன் நான்தான். கப்பல் நேரம் பார்த்துப் பலகையைப் பார்க்க வந்த நீலாவதி, அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அன்று அவர்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

பிறகு பதினெட்டு வருடம் அதே படகு. அவள் முன்னால் உட்கார்ந்தால் இவர் பின்னால். அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஒரு தடவையாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று என்னிடம் புலம்புவார். படகில் ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

1974இல் அவளுக்குக் கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் நானும் படகில் இருந்தேன். பிடித்துத் தள்ளாத குறையாக அவரை அவளிடம் அனுப்பினேன்.

"அம்மாவை மீற முடியலை, நீலா. வந்ததும் நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"சோடியே ஜி, விடுங்க. லிஸ்ட்டைப் பாத்தப்புறமும் ஜெட்டிக்கு வந்தேன். ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நின்னேன். நீங்க என்னைப் பாத்துட்டு, பெட்டியைத் தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டீங்க."

படகு கரையைத் தொட்டதும் அவள் இறங்கிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். "தப்புப் பண்ணிட்டேன்யா. அவளைத்தான் கட்டியிருக்கணும்" என்றார். டீயோடு விசாலாட்சி வாசற்படியில் நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.

அவள் கோபப்படவில்லை. டம்ளர்களை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்டியிருக்கலாமே. நானும் எனக்குப் பிடிச்சவரைக் கட்டிக்கிட்டு எங்க ஊர்லயே இருந்திருப்பேன்."