விட்டுவைத்த தாள்

ஆட்டையாம்பட்டியில் பேருந்து ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் தறி ஓட்டுபவர். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய, வரலாற்றுப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். அஞ்சல்வழி பி.ஏ.வில் பல வருடமாகப் பாக்கியிருந்த ஒரே தாளை எழுத சேலம் போகிறாராம்.

“இத்தனை வருசமா ஏன் எழுதலைங்க?” என்றேன்.

“நான் பாஸாயிட்டா எம்பொண்ணு முதல் பட்டதாரி இல்லீன்னு ஆயிருமுங்க. கவர்மெண்டு தர்ற பீஸ் சலுகை போயிருமே? அதான் ஒரு பேப்பரை உட்டு வெச்சிருந்தேன். இப்ப அவ இன்ஜினியரிங் முடிச்சுட்டாளுங்க.”

“பாடமெல்லாம் ஞாபகம் இருக்குதுங்களா?”

“வருசா வருசம் படிச்சுட்டேதானுங்க இருந்தேன். எழுதத்தான் போகலை.”

சேலம் வந்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு வேகமாக இறங்கிப் போனார். மகளைப் படிக்க வைத்த அதே விதிதான் அவரை இத்தனை வருடம் காக்க வைத்தது. அதை நல்லது என்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.